தனி ஆவர்த்தனத்தில் எழுந்தவன்: வீட்டுக் கச்சேரி அனுபவங்கள்

லஸ்_கார்னர்:
மைக் இல்லாத வீட்டுக் கச்சேரிக்குப் போனவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள், அதனால் விளக்கம் வேண்டாம். மயிலாப்பூரில் ஒரு பழைய வித்வான் வாழ்ந்த வீடு. இப்போது பேரன் குடும்பம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடத்தில் ஜமக்காளம் விரித்து முப்பது பேரை உட்கார வைக்கிறார்கள். ஊஞ்சல் பலகையைக் கழற்றி, சங்கிலியை மட்டும் மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள், அதற்கு நேர் கீழே பாடகர், பக்கத்தில் மிருதங்கம். அந்த மிருதங்கத்தை ஒட்டித்தான் உள்கட்டுக்குப் போகும் வழி.

காம்போதி ராகப் பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது, அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் நேரம், சபாவில் பலர் எழுந்து வெளியே போகும் நேரம். இருபது வருடம் சபாவில் பழகிய உடம்பு, தனி என்றால் தானாக எழுந்துவிடும். எழுந்துவிட்டேன். நின்ற பிறகுதான் தெரிகிறது, அத்தனை பேரில் நின்றது நான் ஒருவன்தான். திரும்ப உட்காரவும் வெட்கம், அதனால் ஏதோ அவசரம் போல நேரே நடந்தேன். மிருதங்கம் வாசித்த பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை, நான் போவதற்காக முழங்காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மூன்று வருடமாக அந்த முழங்கால் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

மண்ணடிக்காரி:
வீட்டுக் கச்சேரி என்றால் மயிலாப்பூர்தானா சார்? வீணை தனம்மாள் (1867–1938) வாசித்தது ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தன் வீட்டில், மைக் கிடையாது. ஊரில் இருந்த பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டுப் போவார்களாம்.

என் அனுபவம் இதுதான். மேற்குப் பக்கம் ஒரு வீட்டில் (எந்த வீடு என்று சொல்லமாட்டேன்) பதம், அதாவது நிதானமாகப் பாடும் காதல் பாட்டு, மட்டுமே பாடும் கச்சேரி. ஆரம்பத்தில் ஒரு மாமா தனம்மாளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், நன்றாகவே பேசினார், ஆனால் வாய்க்கு வாய் “நம்ம மைலாப்பூர் பாரம்பரியம்”. நான் கையைத் தூக்கி, “அவங்க எங்க ஏரியா சார், ஜார்ஜ் டவுன்” என்றேன். “எந்த ஏரியாவா இருந்தா என்னம்மா, சங்கீதம் எல்லாருக்கும் பொது” என்று சிரித்தார், கூடமே சிரித்தது. பொது என்றால் ஏன் சார் ‘நம்ம’? அதைக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்தது.

இன்னொன்று. பாடகிகள் பிருந்தா, முக்தா, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி மூவரும் தனம்மாளின் பேத்திகள். பாலசரஸ்வதிக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள், சரி. ஆனால் தேவதாசி மரபில் வந்த அந்தக் குடும்பங்களைப் போன்ற பெண்களின் வீட்டு வாசலை ஊர் எப்படிப் பேசியது என்பதையும் அந்த அரைமணியில் இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம்.

பார்த்தசாரதி_தெற்கு_மாடவீதி:
எனக்குப் பாட்டு ஞானம் இல்லை. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக இருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறதே, அங்கே ஒரு செப்டம்பர் மாதம், மழைக்கு ஒதுங்கப் போனேன். யாரோ ஒரு சின்னக் குழு பாரதி பாட்டு பாடிக்கொண்டிருந்தது, ஆர்மோனியம், ஒரு தபலா. நடுவில் பேசியவர், யானை தாக்கியதில் இறந்த அந்த மகாகவியின் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்றார். எல்லோரும் கேட்டதுதான். ஆனால் நான் என்னையறியாமல் கூடத்தில் தலை எண்ணினேன். ஆர்மோனியக்காரரையும் செருப்புப் பக்கம் நின்ற வாட்ச்மேனையும் சேர்த்துப் பதினேழு.

மழை அப்போது நின்றிருந்தது. எழுந்தால் பதினாறு ஆகிவிடும் என்று உட்கார்ந்தேன். எட்டு மணிவரை. வீட்டில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

ரிட்டையர்டு_ஆடிட்டர்:
மேலே எழுதிய நண்பருக்கு: பாரதியார் யானையால் இறக்கவில்லை. கோயில் யானை தள்ளியது உண்மை, அதிலிருந்து அவர் தேறி வேலைக்கும் போனார், சொற்பொழிவுக்கும் போனார். சில மாதம் கழித்து வயிற்றுக்கடுப்பில்தான் காலமானார். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, அதாவது கணக்குப்படி 12. மேடையில் சொன்னால் திருத்த ஆள் வேண்டும், பதினேழு பேரில் ஒருவர்கூடவா இல்லை?

என் அனுபவம்: 2011-ல் ஒரு வீட்டில் வீணைக் கச்சேரியில் என் போன் அடித்தது. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

இளைஞர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். போனை வைப்ரேட்டரில் போடாதீர்கள், அணைத்துவிடுங்கள், மரப்பலகை மேல் வைப்ரேட்டர் மணியை விட மோசம். பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள், அதற்கும் முன்னால் போகாதீர்கள், அந்த வீட்டு அம்மாள் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார். காரை எடுத்துப் போகாதீர்கள், அந்தத் தெருக்களில் மெட்ரோ வேலைக்கு அப்புறம் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. தரையில் உட்கார முடியாதவர்கள் முதலிலேயே சுவர் ஓரம் பிடித்துவிடுங்கள், நடுவில் உட்கார்ந்து பாதியில் கால் நீட்டினால் அது பாடகரைப் பார்த்துத்தான் நீளும். தாளம் போடுகிறேன் என்று தொடையில் அடிக்காதீர்கள், அங்கே நீங்களும் ஒரு பக்கவாத்தியம். வீணைக்குப் பக்கத்தில் ஃபேன் வேண்டும், ஏசி போடுங்கள் என்று கேட்காதீர்கள். அதன் இருபத்துநான்கு மெட்டும் மெழுகில் நிற்பவை, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் சுருதி ஓடும். ரெக்கார்டு செய்ய வேண்டுமென்றால் பாடுபவரைக் கேளுங்கள், வீட்டுக்காரரை அல்ல. முக்கியமாக, டிக்கெட் இல்லை என்பதால் இலவசம் என்று நினைக்காதீர்கள். வாசலில் வெற்றிலைத் தட்டு வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. ஐந்நூறு ரூபாய் சபா டிக்கெட்டுக்குக் கொடுப்பவர் இங்கே பத்து ரூபாய் நாணயத்தைச் சத்தமில்லாமல் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மண்ணடிக்காரி:
@ரிட்டையர்டு_ஆடிட்டர் சார், யாரும் கேட்கவே இல்லையே. ஆனால் தட்டு விஷயம் சரி.

ஈசிஆர்_ஈஸ்வரி:
போட்டிக்கு வரவில்லை, என் குற்றத்தை இறக்கி வைக்க வந்தேன். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் தெரியுமல்லவா, 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஓவியர்கள் பத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். அங்கே ஒரு ஓவியர் வீட்டில், அவர் வரையும் ஹாலிலேயே, ஒரு அம்மா பாட வந்திருந்தார். டர்பன்டைன் வாசனை, கொசுவர்த்தி வாசனை, இரண்டுக்கும் நடுவில் மல்லிகை. அந்த அம்மா தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறார், தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை நகர்த்துகிறார், மறுபடி மீட்டுகிறார், முகம் சுளிக்கிறார். பத்து நிமிடம். எங்களுக்கெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. கடைசியில் மூலையைக் காட்டி, “அந்த ஃபிரிட்ஜ் என் சுருதிக்குக் கால் கட்டை கீழே பாடறது. அதை நிறுத்துங்கோ” என்றார்.

பக்கத்தில் இருந்தது நான். பிளக்கைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜ் ஓய்ந்ததும் அந்த ஹாலில் கடல் கேட்டது, அதுவரை கேட்கவே இல்லை. அந்த அம்மா கண்ணை மூடி ஒரு ஷட்ஜம் பிடித்தார் பாருங்கள், என்னால் அதை எழுத முடியாது, விட்டுவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், பிளக்கைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். மறுநாள் அந்த வீட்டில் விசேஷம், ஃபிரிட்ஜில் இரண்டு அடுக்கு இட்லி மாவு. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வீட்டம்மா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் “சாப்பிட்டியா” என்றுதான் கேட்கிறார். சொல்லிவிடலாமா வேண்டாமா?

ரிட்டையர்டு_ஆடிட்டர்:
சொல்லிவிடுங்கள். கையில் ஒரு கிலோ உளுந்தோடு போங்கள்.

தொப்பி_வலந்தலை:
நான் மிருதங்கம். முதல் பதிவில் உள்ள பையன் நான் இல்லை, ஆனால் அந்த இடத்தில் நூறு தடவை உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தனியில் எழுந்து போகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை சார், பழகிவிட்டது, சபாவில் கேன்டீன் பக்கம் போகும் முதுகுகளைப் பார்த்தே தனியின் நீளத்தை முடிவுசெய்யும் சீனியர்கள் உண்டு. ஆனால் வாசிக்கும்போது முழங்காலை நகர்த்துவது லேசான காரியமில்லை. வாத்தியம் காலில்தான் சாய்ந்திருக்கிறது. கால் ஒரு அங்குலம் போனால் அதுவும் உருளும், கை விழும் இடம் மாறும், சாப்பு என்ற கணீர் அடி விழ வேண்டிய இடத்தில் வெறும் தோல் சத்தம் வரும். அந்தப் பையன் நடை தப்பாமல் அதைச் செய்தான் என்றால் நன்றாக வருவான். பெரியவர், சுகர் இருக்கும், பாத்ரூம் அவசரம் என்று நினைத்திருப்பான். நாங்கள் அப்படித்தான் நினைப்போம்.

லஸ்_கார்னர்:
அதுதான் பிரச்சினையே. நான் போனது காபிக்கு.