மயோடோனியாவுக்குத் தமிழ்ச்சொல்: திங்களுக்குள் வேண்டும்

க:
பரம்பரைத் தசைநோய்ப் பிரிவுக்கான நோயாளர் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. டிஸ்ட்ரோபிக்குத் 'தசைச்சிதைவு' நிலைத்துவிட்டது. மயோடோனியாதான் மீதி. வரைவிலிருந்த 'தசை இறுக்கம்' மருத்துவருக்கு ஒப்பவில்லை. பக்கவாதத்துக்குப் பின் வரும் இறுக்கமும் பார்க்கின்சன் இறுக்கமும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் குடியிருக்கின்றன. இது வேறு. பத்து நொடி கையை இறுக மூடிச் சட்டென்று திறக்கச் சொன்னால் விரல்கள் மெல்லத்தான் விரியும். பெருவிரலடி மேட்டைச் சுத்தியலால் தட்டினால் விரல் இழுபட்டு, தாமதமாகத் திரும்பும். சுருங்குவதில் கோளாறில்லை, விடுவதில்தான்.

அ:
விறைப்பு?

சி:
வேண்டாம் ஐயா. எங்கட பக்கம் விறைப்பு எண்டால் மரத்துப்போறது. 'கை விறைச்சுப்போச்சு' எண்டு சொன்னால் உணர்வு நரம்பைத்தான் சோதிப்பினம்.

அ:
சரி. 605ஆம் குறளில் 'நெடுநீர்' என்றால் காலம் நீட்டித்தல். 'தசைநெடுநீர்' எனலாம். இங்கே நீர் என்பது நீர்மை, தன்மை. 'கெடுநீரார்' என்று அதே குறளில் வருவதையும் காண்க.

க:
காலில் நீர் கோத்திருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார், ஐயா.

ந:
காரணத்திலிருந்து சொல் எடுப்போம். குளோரைடு அயனிகள் நுழையும் வாயில்கள் சரிவர வேலை செய்யாததால் தசைச்சவ்வு அடங்காமல் மீண்டும் மீண்டும் துடிக்கிறது. ஊசி செலுத்தித் தசை மின்பதிவு எடுக்கும்போது மோட்டார்சைக்கிள் ஆக்சிலரேட்டரை முறுக்கித் தணிப்பது போல ஒலி ஏறி இறங்குவது அதனால்தான். ஆகவே 'தசையடங்காமை'.

சி:
சிறுநீர் அடங்காமை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?

ந:
அப்படியானால் 'தளர்வுச்சுணக்கம்'.

அ:
சுணங்கு என்பது தலைவி மேனியில் படரும் தேமல். சுணக்கம் அதிலிருந்து வந்ததா என்பதை முதலில்...

க:
ஐயா, திங்கட்கிழமை! 'தளர்வு' ஆகாது, பலவீனம் என்று கொள்வார்கள். மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகையில் பலவீனமும் உண்டு, இதுவும் உண்டு. கையேடு இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டும். 19ஆம் குரோமோசோமில் சி.டி.ஜி. என்ற மரபணு எழுத்துத் தொடர் 50 தடவைக்கு மேல் நீண்டால் வரும் நோய் அது. சொல் அந்தப் பெயருக்குள்ளும் பொருந்த வேண்டும்.

வ:
எதை ஆக்கினாலும் மயோடோனியா என்ற சொல்லை விடாதீர்கள். அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நோயாளி சொல்ல வேண்டியது அந்தச் சொல்லைத்தான். தெரியாமல் சக்சமெத்தோனியம் என்ற தசைதளர்த்தி மருந்தை ஏற்றினால் தாடை இறுகி, மூச்சுக்கான குழாய் செலுத்த வாய் திறக்காமல் போகலாம். அந்த நேரத்தில் 'நெடுநீர்' யாருக்குப் புரியும்?

ந:
'பிடிவிடாமை'? நோயாளிகளே 'பிடிச்சா விடமாட்டேங்குது' என்றுதானே சொல்கிறார்கள். அடைமொழியாகவும் வரும்: பிடிவிடாத் தசைச்சிதைவு.

சி:
எனக்குச் சம்மதம். நாலைந்து தரம் மூடித் திறந்தால் பிடி இளகும், அதையும் பக்கத்திலேயே எழுதுங்கோ. குளிரில கூடுமெண்டும் போடுங்கோ.

வ:
மயோடோனியா எனும் பிடிவிடாமை. முதல் தடவை இப்படி, பிறகு எது வந்தாலும் சரி.

க:
நால்வர் ஒப்புதல். அச்சுக்கு அனுப்புகிறேன்.

அ:
என் மறுப்பைப் பதிக்கவும். 1876இல் தாம்சன் என்ற மருத்துவர் தம் குடும்பத்திலேயே கண்டு எழுதிய வகையில் கால் தசையும் உடனே தளராது. உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும் முதல் அடி வராது. இறுக மூடிய கண்ணும் சட்டென்று திறக்காது. கண்ணிமை எதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது?