ஃப்ரெட்டோ தவளையை உருவாக்கியது யார்: முதலாளியா, தொழிலாளியா?

யாராக்கரை:
ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட கேட்பரி சாக்லேட் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியிலிருந்து முதலில் தீர்வது ஃப்ரெட்டோ என்ற தவளை வடிவ சாக்லேட்தான். அதை உருவாக்கியவர் மேக்ராபர்ட்சன் சாக்லேட் நிறுவனத்தின் முதலாளி மெக்ஃபர்சன் ராபர்ட்சன் என்று இங்கே இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1930-இல் மெல்பர்ன் ஃபிட்ஸ்ராயில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் எலி வடிவ சாக்லேட் போடுவதாகத்தான் பேச்சு. பெண்களும் பிள்ளைகளும் எலிக்குப் பயப்படுவார்கள், தவளை போடலாம் என்று சொன்னவர் ஹாரி மெல்பர்ன். அச்சில் சாக்லேட் வார்க்கும் வேலை பார்த்த சின்னப் பையன். அவர் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சில்லறைக்காசு:
அந்த இழையில் ராபர்ட்சன் என்று எழுதியது நான்தான். நண்பரே, யோசனை சொல்வது வேறு, அதைச் சரக்காக்கிக் கடைக்குக் கொண்டுவருவது வேறு. ராபர்ட்சன் ஒன்றும் பரம்பரைப் பணக்காரர் அல்ல. 1880-இல் வீட்டுக் குளியலறையில், ஆணி வரும் தகர டப்பாவை அடுப்பாக்கிச் சர்க்கரைப் பாகு காய்ச்சித்தான் தொழிலைத் தொடங்கினார். அதே ஃபிட்ஸ்ராயில் பின்னாளில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எழுப்பி, எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து வைத்திருந்தார். 1930 என்பது பெருமந்தம் என்ற உலகப் பொருளாதார நெருக்கடி தொடங்கிய நேரம். அந்த நேரத்தில் புது அச்சு செய்து, விற்காவிட்டால் நஷ்டத்தைத் தாங்கப் போவது யார்? ஒரு கடைநிலைத் தொழிலாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு உடனே மாற்றினாரே, எத்தனை முதலாளிகள் அப்படிச் செய்வார்கள்?

அச்சுக்காரன்:
சாக்லேட் வார்ப்பது என் தொழில் என்பதால் ஒன்று சொல்கிறேன். பதமாக உருக்கியதை அச்சில் ஊற்றி, குமிழி போக அச்சைத் தட்ட வேண்டும். ஆறும்போது சாக்லேட் கொஞ்சம் சுருங்கும், அப்போதுதான் அச்சிலிருந்து கழன்று வரும். மெல்லிய பாகம் இருந்தால் கழற்றும்போதே உடையும். எலிக்கு வாலும் காதும் வேண்டும், தவளைக்கு இரண்டும் வேண்டாம். பயம் என்பதுதான் ஹாரி சொன்ன காரணம். ஆனால் தினமும் அச்சைக் கையில் பிடித்தவருக்கு மற்றதும் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்த அறிவு மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது. என் ஓட்டு ஹாரிக்கு.

தேம்ஸ்:
இங்கே இங்கிலாந்தில் கேட்டால் பலரும் ஃப்ரெட்டோ எங்கள் ஊர்ச் சரக்கு என்பார்கள். 1967-இல் கேட்பரி மேக்ராபர்ட்சனை வாங்கியது. ஃப்ரெட்டோ இங்கே 1973-இல் விற்பனைக்கு வந்து 1979-இல் நின்றுபோனது. மறுபடி வந்தது 1994-இல், விலை 10 பென்ஸ். 2017-இல் அது 30 பென்ஸ். பொதுவான விலைவாசி ஏறிய கணக்குப்படி பார்த்தால் 20-ஐக்கூடத் தொட்டிருக்காது. அதனால்தான் இங்கே விலைவாசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஃப்ரெட்டோவை இழுக்கிறார்கள். கேட்பரி கைவைக்காவிட்டால் இது ஆஸ்திரேலியாவைத் தாண்டியிருக்குமா?

யாராக்கரை:
தேம்ஸ், தாண்டியதும் விலை ஏறியதும் வியாபாரக் கதை. என் கேள்வி அதற்கு முந்தியது. சில்லறைக்காசு, ராபர்ட்சனின் பெருமையை நான் குறைக்கவில்லை. 1934-இல் லண்டனிலிருந்து மெல்பர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்துக்குப் பரிசுப் பணம் கொடுத்தவர் அவர். பந்தயத்துக்கே அவர் நிறுவனத்தின் பெயர்தான். அண்டார்க்டிகாவில் ஒரு நிலப்பரப்புக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மெல்பர்னில் பெண்கள் பள்ளி, பாலம், நீரூற்று என்று எங்கே திரும்பினாலும் அவர் பெயர். ஹாரி 94 வயது வரை வாழ்ந்து 2007-இல் காலமானார். அவருக்கு இருப்பது இந்த ஒரு தவளைதான். அதையும் முதலாளி கணக்கில் எழுதுவது நியாயமா?

சில்லறைக்காசு:
நியாயம் என்று வந்தால் முழுசாகப் பார்ப்போம். செர்ரி ரைப் என்ற சாக்லேட்டை 1924-இல் போட்டதும் அதே நிறுவனம்தான். ஓல்டு கோல்டு என்ற சாக்லேட்டும் அவர்களுடையதுதான். அவற்றுக்கும் கலவை சொன்னவர், அச்சு செய்தவர் என்று யாராவது இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? ஒருவர் கதை தப்பிப் பிழைத்தது என்பதற்காக அவருக்கு மட்டும் தனிக் கணக்கா? அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் செய்தது எல்லாம் நிறுவனத்தின் பெயரில்தான் போகும்.

அச்சுக்காரன்:
மற்றவர்கள் பெயர் தொலைந்துபோனது என்பதற்காக, தெரிந்த பெயரையும் அழிக்க வேண்டுமா அண்ணா? தெரியும் இடத்தில் எழுதுவோம். "உருவாக்கியவர்" என்ற இடத்தில் ஹாரி மெல்பர்ன், "வெளியிட்டவர்" என்ற இடத்தில் மேக்ராபர்ட்சன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சில்லறைக்காசு:
இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருமென்றால் எனக்கு மறுப்பில்லை. ஹாரி பெயரை மட்டும் போட்டு, கேட்டு ஒப்புக்கொண்டவரை விட்டுவிட்டால் அப்போது மறுபடி சண்டைக்கு வருவேன்.