கன்னம் சரியாகப் பதிய ஷாட்கன் கட்டையை எப்படி உயர்த்துவது?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். டிராப் (பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) பயிற்சிக்கு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன், மேலும் கீழுமாகக் குழல் உள்ளது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் நீளம் சரி, தோளில் நன்றாக உட்காருகிறது. கன்னம் படும் இடத்தின் உயரம்தான் போதவில்லை. கன்னத்தை அழுத்தி வைத்தால் குழலின் மேல்பட்டையே தெரிவதில்லை, துப்பாக்கியின் பின்பக்கம் கண்ணை மறைக்கிறது, அதனால் என்னை அறியாமல் தலையைத் தூக்கிவிடுகிறேன், சுட்டது தட்டுக்கு மேலே போய்விடுகிறது.

போன வாரம் 16 கஜத்தில் பெரிய காகிதம் மாட்டி, கன்னத்தை நன்றாகப் பதித்தபடி சுட்டுப் பார்த்தேன். சிதறிய குண்டுகளின் நடு சுமார் 3 அங்குலம் கீழே விழுந்தது. அந்தத் தூரத்தில் கட்டையை 1/16 அங்குலம் உயர்த்தினால் அடி ஏறக்குறைய 1 அங்குலம் மேலே ஏறும் என்பது பழைய கணக்கு. அப்படியென்றால் எனக்கு 3/16 அங்குலம் தேவை, அதாவது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிராப்புக்கு இன்னும் சற்று மேலே அடித்தால் நல்லதுதான், ஏறிப் போகும் தட்டுதானே.

கன்னம் படும் இடத்தில் ஒட்டும் பட்டை வாங்கலாமா, இல்லை கட்டையை வெட்டி, அந்த இடத்தை ஏற்றி இறக்கும் அமைப்பைப் பொருத்தலாமா? பட்டை பக்கவாட்டிலும் தடிக்கிறதே, வலது கைக்காரனான என் கண் இடப்பக்கம் தள்ளிப்போய் அடியும் இடப்பக்கம் போகுமோ என்று கவலையாக இருக்கிறது. நல்ல வால்நட் மரம், ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், குறிப்பாக வெட்டிய பிறகு பக்கவாட்டுச் சரிவை எப்படித் திருத்தினீர்கள் என்று.