மாணவராக இருக்கும்போதே பங்குச்சந்தையைக் கற்பது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இரண்டாமாண்டு மாணவன்

வணக்கம். நான் இளநிலை இயற்பியல் படித்துவருகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த சிறு தொகை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பெருக்க வேண்டும் என்பதைவிட, பங்குச்சந்தை எப்படி இயங்குகிறது என்பதை முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம். மூன்று மாதங்களாகக் காணொளிகள் பார்த்ததில் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டில்ஸ்டிக் வரைபட வடிவங்களின் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் ஒரு பங்கின் விலை ஏன் ஏறுகிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. நான் ஒரு பங்கை வாங்கும்போது கொடுக்கும் பணம் அந்த நிறுவனத்துக்குத்தான் போகிறதா? லாபம் கூடியிருப்பதாக அறிவித்த ஒரு நிறுவனத்தின் பங்கு அன்றைக்கே சரிந்ததைப் பார்த்தேன். அது எப்படி நேர்கிறது? கடைசியாக, உண்மைப் பணம் போடாமல் செயலியில் பாவனைப் பணத்தை வைத்து வாங்கி விற்றுப் பழகினால் போதுமா? விடுதி நண்பர்கள் இருவர் நாள்தோறும் வாங்கி விற்கிறார்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது என்கிறார்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கணக்காளர்

தம்பி, உங்கள் முதல் ஐயமே அடிப்படையானது. நிறுவனம் புதிதாகப் பங்குகளை வெளியிடும்போது மட்டுமே முதலீட்டாளரின் பணம் அதன் கருவூலத்துக்குப் போகிறது. அதன்பின் சந்தையில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் விற்க, மற்றொருவர் வாங்கும் கைமாற்றம்தான். 1602ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொதுமக்களிடம் மூலதனம் திரட்டியபோதே இந்த இரட்டை அமைப்பு உருவாகிவிட்டது: போட்ட பணத்தைக் கம்பெனியிடமிருந்து நினைத்தபோது திரும்பப் பெற முடியாது, ஆனால் தன் பங்கை ஆம்ஸ்டர்டாமில் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். ஆகவே நீங்கள் ஒரு பங்கை வாங்கும் ஒவ்வொரு முறையும், அதே விலைக்கு அதை விட்டுவிடுவதே மேல் என்று எண்ணுகிற ஒருவர் எதிர்ப்புறம் இருக்கிறார். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருக்கலாமே என்ற எண்ணம் வாங்குவதற்கு முன்பே வந்துவிடுவது நல்லது.

இரண்டாவது ஐயத்துக்கான விடையும் இதனுள்ளேயே இருக்கிறது. விலை என்பது கடந்த காலாண்டுக்கான மதிப்பெண் அன்று. இனி வரப்போகும் வருவாயைப் பற்றிய எதிர்பார்ப்புகளின் கூட்டு. லாபம் 20 விழுக்காடு கூடும் என்று சந்தை எதிர்பார்த்திருந்தபோது 12 விழுக்காடுதான் கூடியது என்றால், நிறுவனம் வளர்ந்திருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பு பொய்த்திருக்கிறது; விலை இறங்குகிறது. ஒரு பங்கின் விலை 200, அப்பங்குக்குரிய ஆண்டு வருவாய் 10 என்றால், விலை-வருவாய் விகிதம் 20. அந்த 20க்குள் எவ்வளவு நம்பிக்கை அடைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழகுங்கள். இந்த விகிதம் தாழ்ந்திருக்கும் பங்கெல்லாம் மலிவு என்று சிலர் சொல்வார்கள். நலிந்துகொண்டிருக்கும் தொழிலின் பங்கும் அப்படித்தான் தோன்றும்.

கற்க வேண்டியது வரைபட வடிவங்களை அல்ல, ஆண்டறிக்கையை. அதிலும் லாப நட்டக் கணக்கோடு நின்றுவிடாமல், உண்மையில் வந்துபோன பணத்தைக் காட்டும் பணப்பாய்வு அறிக்கைக்குச் செல்லுங்கள். ஒரு நிறுவனம் 70 செலவிட்டுச் செய்த பொருளைக் கடனுக்கு 100 என்று விற்றால், ஏட்டில் 30 லாபம் ஏறிவிடும். கைக்கு ஒரு காசும் வந்திராது. விற்பனை கூடும் வேகத்தைவிட வரவேண்டிய பாக்கி கூடும் வேகம் ஆண்டுக்கு ஆண்டு மிகுந்துகொண்டே போனால், அந்த லாபத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பிறகு கடன் எவ்வளவு, வட்டியைக் கட்டும் அளவுக்கு வருவாய் இருக்கிறதா, தணிக்கையாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும் பின்குறிப்புகளைத் தவிர்த்துவிட வேண்டாம். நாற்பது ஆண்டுகள் கணக்கேடுகளோடு வாழ்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், எழுத்து சிறுத்த இடத்தில்தான் செய்தி பெருத்திருக்கும்.

மறுமொழி: ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன்

ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான். மூன்றாவது ஐயத்துக்கு மட்டும், நானும் மாணவனாக இருந்தபோது செய்த தவற்றை வைத்துப் பதில் சொல்கிறேன். பாவனை வணிகத்தில் ஆறு மாதம் பழகினேன்; என் பாவனைப் பணம் ஏறத்தாழ இரட்டிப்பானது. பிறகு, உண்மைப் பணத்தோடு தரகு நிறுவனம் தந்த கடனையும் சேர்த்து வாங்கினேன். விலை 20 விழுக்காடு இறங்கியதும், கடனுக்கு ஈடாக மேலும் பணம் கட்டும்படி அறிவிப்பு வந்தது. கட்ட முடியாததால் என் பங்குகள் அன்றைய தாழ்ந்த விலைக்கே விற்கப்பட்டன. சில வாரங்களில் விலை பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் அப்போது என்னிடம் பங்கு இல்லை. கடனில்லாமல் வாங்கியவர் காத்திருக்கலாம், கடன்பட்டு வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது. இதைப் பாவனை வணிகம் எனக்குக் கற்றுத் தரவில்லை. இழப்பது நம் பணம் என்றால் இரவில் தூக்கம் வராது என்பதையும் அது கற்றுத் தராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அதற்காக நண்பர்கள் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். இழப்பின் கணக்கு நமக்கு எதிராகவே சாய்ந்திருக்கிறது: 100 என்பது 50 ஆகக் குறைந்தால் இழப்பு 50 விழுக்காடு, மீண்டும் 100 ஆவதற்கோ 100 விழுக்காடு ஏற வேண்டும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் பங்கு விலைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தது. அன்று கடனில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு யோசிப்பதற்கே நேரம் இருந்திருக்காது. உங்களைப் போன்றவர் செய்யத்தக்கது, முழுவதும் போனாலும் கல்விக் கட்டணமோ சாப்பாடோ பாதிக்காத மிகச் சிறு தொகைக்கு ஒரே ஒரு பங்கை வாங்கி, ஏன் வாங்கினேன் என்பதை அன்றே நான்கு வரியில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது. ஓராண்டு கழித்து அந்த நான்கு வரிகளைப் படியுங்கள். விலை ஏறியிருந்தும் உங்கள் காரணம் தவறாக இருந்திருக்கக்கூடும். அதைக் கண்டுகொள்வதுதான் கற்றல். பங்கைக் குறித்த விலைக்குக் குறித்த காலத்துக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களான ஆப்ஷன்ஸ் பக்கம் இப்போதைக்குத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி: பொருளியல் ஆய்வு மாணவி

தனிப் பங்குகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே குறியீட்டு நிதியை யாரும் குறிப்பிடவில்லை என்பதால் சேர்க்கிறேன். எந்த நிறுவனம் வெல்லும் என்று ஊகிக்காமல், ஒரு குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களையும் குறியீட்டில் அவற்றுக்குள்ள எடைக்கேற்ப (அதாவது விகிதத்துக்கேற்ப) வாங்கி வைக்கும் நிதி இது. அமெரிக்காவின் வான்கார்ட் முதலீட்டு நிறுவனத்தை நிறுவிய ஜான் போகல் 1976இல் பொதுமக்களுக்கென இத்தகைய நிதியைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட எண்ணினார். திரண்டதோ ஏறத்தாழ 1.1 கோடிதான். சராசரியோடு மனநிறைவு அடைவதா என்று அன்று பலர் ஏளனம் செய்தார்கள். அவருடைய வாதம் எளிமையானது: எல்லா முதலீட்டாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் பெறுவது சந்தையின் சராசரிதான், அதிலிருந்து கட்டணத்தைக் கழிக்க வேண்டும். ஆகவே கட்டணம் குறைந்தவரே சராசரியாக முன்னிற்பார்.

நீங்கள் இயற்பியல் மாணவர் என்பதால், கட்டணத்தை உராய்வு என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1,000 என்ற தொகை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டுவளர்ச்சியில் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 14,970 ஆகும். ஒரு விழுக்காடு கட்டணமாகப் போய் 6 விழுக்காடே கிடைத்தால் 10,290 தான். நாள்தோறும் வாங்கி விற்கும் உங்கள் நண்பர்கள் ஒவ்வொரு முறையும் தரகும் வரியும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்த்து இந்த உராய்வைத் தாமாகவே கூட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் குறியீடு என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அதைத் தாண்டுவதற்கு 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. (நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு சற்றுக் குறையும்; இருந்தாலும் நீண்டதுதான்.) ஒரே நாட்டின் சந்தையில், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. தனி நிறுவனம் என்றால் நிலைமை இன்னும் கடுமை. 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது, ஓய்வுக்காலச் சேமிப்பையும் அதே நிறுவனத்தின் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் ஒருங்கே இழந்தார்கள்.

இன்னொன்று. இந்த வயதில் உங்களிடம் உள்ள தொகைக்கு 20 விழுக்காடு கிடைத்தாலும், மேலும் சில மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் கிடைப்பதைவிட அது குறைவாகவே இருக்கும். பட்டப்படிப்பின் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு திரையையே பார்த்திருப்பது கணக்கின்படியே நட்டம்.

கேட்டவர்: இரண்டாமாண்டு மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. பாவனைச் செயலியை நீக்கிவிட்டேன். ஆண்டறிக்கை ஒன்றைத் தரவிறக்கிப் பார்த்தேன். இருநூறு பக்கங்களுக்கு மேல் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒரு நிறுவனத்தை முழுதாகப் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கணக்காளர்

ஒன்றை மட்டும் படித்தால் எந்த எண் பெரியது, எது சிறியது என்றே விளங்காது. ஒரே தொழிலில் உள்ள இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியும் காப்பீடும் மட்டும் வேண்டாம், அவற்றின் கணக்கு வேறு வகையானது. ஐந்தைந்து ஆண்டு அறிக்கைகளிலிருந்து விற்பனை, நிகர லாபம், செயல்பாட்டிலிருந்து வந்த பணம், வரவேண்டிய பாக்கி, மொத்தக் கடன் ஆகிய ஐந்து எண்களை மட்டும் எடுத்து ஒரே தாளில் எதிரெதிரே எழுதுங்கள். இருநூறு பக்கமும் அப்புறம் இருக்கட்டும். இரண்டும் எந்த ஆண்டில் பிரிந்து போகின்றன என்று கண்டதும், அந்த ஆண்டின் அறிக்கையை மட்டும் திறந்து காரணத்தைத் தேடுங்கள். தாள் தயாரானதும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.