பாஸ்டன் சுரங்கச் சாலை: ஐந்து மடங்கா, இரண்டரை மடங்கா?

நெடுவழி: பெருநகரத் திட்டங்களில் செலவு எல்லை மீறுவதெல்லாம் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை என்று கணக்குப்பிள்ளை அவர்கள் நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. பாஸ்டன் நகரின் நடுவே 1959இல் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலையை அகற்றிப் பூமிக்கடியில் கொண்டுபோன 'பிக் டிக்' திட்டத்தின் முதல் மதிப்பீடு 280 கோடி டாலர். 2007 இறுதியில் முடிந்தபோது ஆன செலவு சுமார் 1,480 கோடி. ஐந்து மடங்கு! இதுவும் கதைதானா?

கணக்குப்பிள்ளை: 280 கோடி என்பது 1982ஆம் ஆண்டு விலையில் போட்ட கணக்கு; 1,480 கோடி என்பது அந்தந்த ஆண்டில் கைவிட்டுப் போன பணத்தின் கூட்டுத்தொகை. இடையில் அமெரிக்க விலைவாசி இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவே ஏறிவிட்டதால், அந்த 280 கோடி 2007இல் ஏறத்தாழ 600 கோடிக்குச் சமம். வகுத்துப் பாருங்கள், இரண்டரை மடங்குதான் வரும். இரண்டரையை ஐந்து என்று எழுதுபவருக்கு வகுத்தல் கற்றுக்கொடுத்தவர் யாரோ!

தண்டவாளன்: இரண்டரையோ ஐந்தோ, நியாயப்படுத்த முடியாத தொகைதான். மாட்ரிட் நகரம் 1995க்கும் 1999க்கும் இடையே 56 கி.மீ. மெட்ரோ கட்டியது, 2003இல் 40 கி.மீ. வட்டப்பாதையையும் திறந்தது. ஆழம் குறைந்த, ஆடம்பரமில்லாத நிலையங்கள். ஒரே நேரத்தில் பல இடங்களில் சுரங்கம் குடையும் எந்திரங்கள். உடனுக்குடன் முடிவெடுக்கும் பொறியாளர்கள். நியூயார்க்கிலோ 2017இல் திறந்த இரண்டாம் அவென்யூ பாதை 3 கி.மீ.கூட இல்லை, செலவு 445 கோடி டாலர்.

கணக்குப்பிள்ளை: மாட்ரிட் இங்கே எதற்கு? எல்லா ஊர் மண்ணும் ஒரே மண்ணா? ஆம்ஸ்டர்டாமில் மெட்ரோ தோண்டும்போது 2008இல் பழைய வீடுகள் தாழ்ந்தன. இஸ்தான்புல்லின் யெனிகாபியில் தோண்டிய இடத்தில் பைசாந்தியத் துறைமுகமே வெளிப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட பழங்காலக் கப்பல்களை எடுத்துப் பதிவு செய்யும்வரை ரயில் காத்திருந்தது. இதையெல்லாம் எந்த மதிப்பீட்டில் எழுதுவது? மேலும், ஜெர்மானியர் எதையும் தாமதிப்பதில்லை என்று முன்பொரு முறை இங்கே சாதித்தவர் தாங்கள்தாமே? 2012 ஜூனில் திறக்கவேண்டிய பெர்லின் விமான நிலையம், தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு சரியாக இயங்காமல் 2020 அக்டோபரில்தான் திறந்தது. நான் மறக்கவில்லை. இழையின் கேள்விக்கு வாருங்கள்: இரண்டரையா, ஐந்தா?

தண்டவாளன்: அப்போது நான் சொன்னது ரயில் கால அட்டவணையைப் பற்றி. அதுவும் பாதிதான் உண்மை என்பது வேறு விஷயம். பிறர் எழுதியதை வெட்டி ஒட்டும் திறமை தங்களுக்கு என்றும் குறைந்ததில்லை.

நெடுவழி: கணக்குப்பிள்ளை ஐயா, பெரும்பகுதிப் பணம் 1990களில் செலவானது. அதை 2007ஆம் ஆண்டு விலையால் சுருக்குவது எந்த ஊர்க் கணக்கு? 1982 விலைக்கே கொண்டுவந்தால் மொத்தம் 800 கோடியைத் தாண்டுகிறது. தங்கள் இரண்டரை இப்போது எங்கே? கடன் வட்டியையும் சேர்த்தால் சுமை 2,200 கோடிக்கும் மேல்.

கணக்குப்பிள்ளை: ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கிவந்தமைக்கு நன்றி. வீட்டுக்கடன் வட்டியைச் சேர்த்துக் கொத்தனாரிடம் கணக்குக் கேட்பவரைத் தங்களிடம்தான் பார்க்கிறேன்.

மண்வெட்டி: வகுத்தது போதும். 2006 ஜூலையில் அந்தச் சுரங்கத்தின் உட்கூரையிலிருந்து டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் பலகைகள் ஒரு கார்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளை மேற்கூரைத் துளைகளில் வெறும் எபாக்சிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பயன்படுத்திய விரைவில் இறுகும் பசை, தொடர்ந்து பாரம் தொங்கினால் சிறிது சிறிதாக நெகிழும் வகை. போல்ட்டுகள் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்தன. அந்த உயிரை எத்தனை மடங்கு என்பீர்கள்?

கணக்குப்பிள்ளை: வருந்தத்தக்க நிகழ்வு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி அதுவன்று. எந்த ஆண்டு விலையை எந்த ஆண்டு விலையோடு ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி, அதற்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

நெடுவழி: இருமுறை சொல்லியாயிற்று.

கணக்குப்பிள்ளை: இருமுறையும் தவறாக.

புதியவன்7: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1,480 கோடி என்பது லண்டன் எலிசபெத் பாதையின் தொகை அல்லவா?

கணக்குப்பிள்ளை: அது பவுண்டு, ஐயா! 2010இல் ஒதுக்கிய 1,480 கோடி பவுண்டு ஏறத்தாழ 1,900 கோடியில் முடிந்தது. 2018 டிசம்பரில் ஓடவேண்டிய ரயில் 2022 மே மாதம் ஓடியது. எண் ஒன்றாக இருப்பதைக் கண்டு இரண்டையும் குழப்புகிறவர்களோடுதான் நான் இங்கே இரண்டு நாளாக…

தண்டவாளன்: அந்த 1,900 எந்த ஆண்டு விலையில், ஐயா?