விட்மையர் ஒரு ஆள் திரும்பியதால்தானா?

செந்தூரான்:
டல்லாஸ் மாமா நேற்று போகிற போக்கில் ஒன்று அடித்துவிட்டார்: "2003ல் ஜான் விட்மையர் ஒருத்தர் காலை வாராமல் இருந்திருந்தால் டெக்சாஸ் காங்கிரஸ் தொகுதி வரைபடம் மாறியே இருக்காது." படித்ததிலிருந்து எரிச்சல். மாமா, குடியரசுக் கட்சியின் புது வரைபடத்தைத் தடுக்க நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கிக்குப் போன, விட்மையர் உட்பட 11 ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிக் குடியேறியிருந்தாலும், ஆளுநர் ரிக் பெர்ரி அடுத்தடுத்துச் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார். இத்தனை தடவைதான் என்று அவருக்கு ஒரு வரம்பும் கிடையாது.

டல்லாஸ் மாமா:
தம்பி, கூட்டல் கழித்தல் தெரியும்தானே? டெக்சாஸ் செனட்டில் 31 பேர். அவை நடக்க 21 பேர் வேண்டும், அதுதான் கோரம். 11 பேர் வெளியே இருந்தால் உள்ளே 20. விட்மையர் வந்தார், 21 ஆனது. அவ்வளவுதான். நான் அப்போது இங்கேதான் இருந்தேன், தினமும் டிவியில் பார்த்தேன். அபராதம் போட்டார்கள், பார்க்கிங் இடத்தைக்கூடப் பிடுங்கினார்கள், பத்துப் பேர் தாங்கினார்கள், இவருக்கு மட்டும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

கமலி:
முதலில் ஜெரிமாண்டரிங் (கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிக் கோட்டை வளைத்து வரைவது) என்று எதைச் சொல்கிறோம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து வரைவதையா, இப்படி நடுவில் புகுந்து வரைவதையா?

டல்லாஸ் மாமா:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் அம்மா. 20, 21. இதற்குப் பதில் வரட்டும்.

செந்தூரான்:
இதோ பதில். இரண்டாவது சிறப்புக் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 26லேயே முடிந்துவிட்டது. அவர் ஹூஸ்டனுக்குத் திரும்பியது செப்டம்பரில். நடக்காத கூட்டத்துக்கு எப்படிக் கோரம் கொடுப்பார்? கதை முன்னாடியே முடிந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் மசோதாவை எடுப்பது என்று இருந்த செனட் வழக்கத்தைத் துணை ஆளுநர் டியூஹர்ஸ்ட் தூக்கிப் போட்டாரே, பேரம் பேச இருந்த ஒரே துருப்புச் சீட்டு அன்றைக்கே போயிற்று.

பாண்டி:
ஆளுக்கு ஆள் உருகுகிறீர்கள். 2002ல் டெக்சாஸில் அதிக ஓட்டு குடியரசுக் கட்சிக்கு, ஆனால் 32 காங்கிரஸ் சீட்டில் 17 ஜனநாயகக் கட்சிக்கு. 1991ல் இவர்கள் வரைந்த கோட்டின் மிச்சம் அது. அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த டாம் டிலே 2004ல் தன் கட்சி சீட்டை 21 ஆக்கினார். ஆட்டத்தை ஆரம்பித்தது யார்?

கமலி:
அதற்காக ஆஸ்டினை மூன்றாக வெட்டி, 25ஆம் தொகுதியை அங்கிருந்து மெக்சிகோ எல்லை வரை பாவாடை நாடா மாதிரி இழுப்பார்களா? ஃபஹீட்டா (நீள நீளமாக வெட்டிய இறைச்சி உணவு) பட்டை என்று ஊரே சிரித்தது. அப்படியும் அதில் ஜனநாயகக் கட்சியின் லாயிட் டாகெட்தான் ஜெயித்தார். 2006ல் உச்ச நீதிமன்றம் 23ஆம் தொகுதியை மட்டும் தப்பு என்று சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டது.

பாண்டி:
நாடா பற்றிப் பேசும் அக்கா, ஜனநாயகக் கட்சி வரைந்த இலினாய் வரைபடம் வந்தபோது மட்டும் மௌன விரதம். அந்தத் திரி இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கமலி:
அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். அதையும் உங்களிடம் லீவு லெட்டர் கொடுத்துச் சொல்ல வேண்டுமா?

டல்லாஸ் மாமா:
நாடாவை விடுங்கள். கூட்டம் நடக்கவில்லை, நடக்கவில்லை என்கிறார் தம்பி. சரி, நடக்கவில்லை. பெர்ரிக்கு மூன்றாவது கூட்டத்தைக் கூட்டத் தைரியம் எங்கிருந்து வந்தது? 21வது ஆள் கையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதானே கூட்டினார்! செப்டம்பரில் கூட்டினார், அக்டோபரில் கையெழுத்துப் போட்டார். அதே வருடம் மே மாதம் ஜனநாயகக் கட்சியின் டெக்சாஸ் ஹவுஸ் (கீழவை) உறுப்பினர்கள் ஓக்லஹோமா மாநிலத்து ஆர்ட்மோரில் ஹோட்டலில் போய் உட்கார்ந்தார்களே, ஒருத்தரும் அசையவில்லை, கெடு தாண்டியது, மசோதா செத்தது. அசையாமல் இருந்தால் சாகும். இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

செந்தூரான்:
செத்தது சிறப்புக் கூட்டத்தில் எழுந்து உட்காரவில்லையா? 2025 ஆகஸ்டிலும் இன்னொரு புது வரைபடத்தைத் தடுக்க ஹவுஸ் ஆட்கள் இலினாய்க்குப் போனார்கள், திரும்பினார்கள், இரண்டே நாளில் ஹவுஸில் வரைபடம் நிறைவேறியது. அதில் யார் மாமா விட்மையர்?

டல்லாஸ் மாமா:
அது ஹவுஸ், 150க்கு 100. நான் பேசுவது செனட், 31க்கு 21. கலக்காதீர்கள்.

செந்தூரான்:
ஆர்ட்மோரை இழுத்தது நீங்கள்தான்! அதுவும் ஹவுஸ்தான்!! உங்கள் துரோகியைத்தான் ஹூஸ்டன்காரர்கள் 2023ல் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாண்டி:
ஒரு சந்தேகம். 2003ல் நியூ ஜெர்சியில் பனி வாரினேன் என்று மாமா போன பொங்கலுக்கு எழுதியிருந்தாரே. டிவி எந்த ஊரில் பார்த்தார்?

டல்லாஸ் மாமா:
பனி வாரியது பிப்ரவரி. ஜூனில் டல்லாஸ் வந்துவிட்டேன், சாமான் லாரி ரசீது இன்னும் இருக்கிறது, வேண்டுமென்றால் படம் எடுத்துப் போடுகிறேன். 20, 21. இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

செந்தூரான்:
ஆகஸ்ட் 26, மாமா.