ஜென்டூவில் 30 நாள் காத்திருப்பு: சோதனையா, சடங்கா?

டில்டாபிரியன்:
ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் பேக்கேஜின் புதுப் பதிப்பு வந்தால், அதை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் ஈபில்ட் கோப்பின் கீவேர்ட்ஸ் வரியில் ஏஎம்டி64 என்ற பிராசசர் வகையின் பெயருக்கு முன்னால் ஒரு டில்டா (~) இருக்கும். சோதனையில் இருக்கிறது என்று பொருள். 30 நாளில் பெரிய பக் எதுவும் வராவிட்டால் அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னர், பக் பதிவுத் தளமான பக்ஸில்லாவில், டில்டாவை நீக்கி ஸ்டேபிள் (நிலையானது) ஆக்கச் சொல்லிக் கோரிக்கை போடலாம். பக் வரவில்லை என்றால் பேக்கேஜ் நன்றாக இருக்கிறதா, இல்லை யாரும் அதைத் தொடவே இல்லையா? ஃபயர்பாக்ஸை அந்த 30 நாளில் நிறைய பேர் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஏதோ ஒரு பழைய ஸ்கேனர் டிரைவருக்கு? காலண்டரில் தாள் கிழித்ததுதான் மிச்சம்.

வேர்ல்டுஅப்டேட்:
பாதிக் கதை சொல்கிறீர்கள் நண்பரே. 30 நாள் முடிந்ததும் டில்டா தானாக உதிர்ந்துவிடாது. ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் சோதித்துப் பார்க்கும் ஆர்ச் டெஸ்டர்கள் ஸ்டேபிள் சிஸ்டத்தில் அதைக் கம்பைல் செய்து, வசதிகளைச் சேர்க்கவும் விடவும் உதவும் யூஸ் ஃபிளாக்குகளை மாற்றிப் போட்டு, டெஸ்ட் சூட் இருந்தால் அதையும் ஓட்டுகிறார்கள். அதற்குத் தேவையான லைப்ரரி ஒன்று இன்னும் ஸ்டேபிள் ஆகவில்லை என்றால், நாட்கா என்ற தானியங்கி பாட் கோரிக்கையிலேயே வந்து சொல்லிவிடும். ஏஎம்டி64-ல் ஸ்டேபிள் ஆன பதிப்பு ஆர்ம்64 என்ற இன்னொரு பிராசசர் வகையில் டில்டாவோடு நிற்பதும் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் என்றால் 30 நாள் பார்ப்பதில்லை.

டில்டாபிரியன்:
கம்பைல் ஆவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் பாருங்கள். புதுப் பதிப்பு முதலில் வரும் அன்ஸ்டேபிளிலிருந்து, ஸ்டேபிளுக்கு முந்தைய படியான டெஸ்டிங்குக்குப் போக அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள். 2024-ல் ரகசியப் பின்கதவு வைத்த எக்ஸ்இசட் 5.6 என்ற கோப்புச் சுருக்க மென்பொருள் அதையெல்லாம் தாண்டி டெஸ்டிங்குக்குள் போய்விட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற டெவலப்பர் தோண்டியதால்தான் பிடிபட்டது.

வேர்ல்டுஅப்டேட்:
அவர் தோண்டியது எங்கே? சிட்டில், அதாவது அன்ஸ்டேபிளில்! டெபியன் ஸ்டேபிளுக்குள் அது நுழையவே இல்லை. இதற்குத்தானே காத்திருக்கச் சொல்கிறோம்?

டில்டாபிரியன்:
அது அவர் கவனித்ததால் வந்த அதிர்ஷ்டம். 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு டெபியன் போட்ட பேட்ச் (திருத்தம்), ரகசியச் சாவிகளுக்குத் தேவையான ரேண்டம் எண் உருவாக்கத்தையே கெடுத்தது. 2007-ல் எட்ச் என்ற டெபியன் பதிப்பு ஸ்டேபிளாக வந்தபோது அதுவும் கூடவே வந்தது. வெளியே தெரிந்தது 2008 மே மாதம். அத்தனை மாதமும் எல்லோரும் அதை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழையதிங்க்பேட்:
அப்படிப் பார்த்தால் உங்கள் ஃபயர்பாக்ஸ் வாதமும் அடிபடுகிறதே பாஸ். நிறைய பேர் ஓட்டினால் கிராஷ் தெரியும், பலவீனமான சாவி தெரியாது. அதற்கு மூல நிரலைப் படிக்க ஆள் வேண்டும். அப்புறம், உடைந்தால் மட்டும்தான் பக் போடுகிறோம். டில்டா பதிப்பு நன்றாக ஓடியது என்று நம்மில் யார் போய்ச் சொல்கிறோம்?

வேர்ல்டுஅப்டேட்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக 30 நாளைக் குறைக்கக் கூடாது. பழுதான பதிப்பு முதல் வாரத்திலேயே டில்டா பதிப்பை ஓட்டும் ஆட்களிடம் மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டில்டாபிரியன்:
குறைக்க யார் சொன்னது? அந்த ஸ்கேனர் டிரைவரை யாராவது ஒருவர் உண்மையான ஸ்கேனரில் ஓட்டிப் பார்க்கும்வரை நீட்டச் சொல்கிறேன்.